சிறு கணினிக்கு மின்வழங்கி தெரிதல்

கணினி விளையாட்டில் விருப்பமுடைய மாணவர் இருவர் ஒருங்கு கூடின், அவர்தம் பேச்சு கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும் பிராசசரைப் பற்றியுமே நிகழும். மின்வழங்கியைப் பற்றி எவரும் வாய் திறவார். கைப்பொருளெல்லாம் ஏனைய உறுப்புக்களுக்குச் செலவாயின பின்னர், எஞ்சிய சிறு தொகைக்குள் அடங்குவதொன்றை வாங்கிப் பெட்டிக்குள் மாட்டிவிடுதலே பெரும்பான்மை வழக்கு. கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். சென்னை ரிச்சித் தெருவிற் சென்று, 'ஐயா, மின்வழங்கி ஒன்று வேண்டும்' என்று கேட்பின், கடைக்காரர் நம்மை ஏற இறங்க நோக்குவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் தொழில் இன்னதென்று அச்சொல்லிலேயே விளங்கக் கிடத்தலின், இக்கட்டுரையில் மின்வழங்கி என்னும் சொல்லையே யான் ஆள்கின்றேன்.

பெரிய பெட்டியில் இவ்வசட்டை ஒருவாறு பொறுக்கப்படும். அங்கே இடமும் காற்றும் வேண்டுமளவு உள. இருபது லிட்டருக்குங் குறைந்த கொள்ளளவுள்ள சிறு பெட்டியிலோ நிலைமை முற்றும் வேறு. அங்கே மின்வழங்கி தன் அண்டை உறுப்புக்களோடு தோளொடு தோள் உரசி நிற்கின்றது. அதன் நீளம் மிகின் கேபிள் மடங்க இடமில்லை. அதன் வெப்பம் மிகின் அண்டையிலுள்ளவை அனைத்தும் வெம்பும். அதன் விசிறி இரையின் மேசைமீதிருக்கும் பெட்டி காதருகே இரையும். ஆதலின் சிறு கணினி அமைப்பார், கடைசியில் வாங்கும் அவ்வுறுப்பைப் பெட்டியோடு ஒருங்கே முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுந்தது. விடுமுறைகளில் வேலை செய்து பொருள் சேர்த்தும், தந்தையாரிடம் கெஞ்சி ஒருபாதி பெற்றும் கணினி வாங்கும் தோழர்களை யான் அறிவேன். அவர் வாங்கிய விலையுயர்ந்த கார்டின் உயிர், அவர் பொருட்படுத்தாத அவ்விரும்புப் பெட்டியின் கையில் இருக்கின்றது.

மின்வழங்கி செய்வதென்னை? நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 முறை அலைவது. கணினியின் உறுப்புக்கள் வேண்டுவதோ ஒருதிசை மின்சாரம். அதுவும் 12, 5, 3.3 வோல்ட்டு என்னும் தாழ்ந்த அழுத்தங்களில். நொடிக்கு 50 அலைவுள்ள மின்சாரத்தை நேரே டிரான்ஸ்பார்மரில் விட்டுத் தாழ்த்துவதாயின், சில நூறு வாட்டுக்கே இரும்பும் செம்புமாகப் பல கிலோ எடையுள்ள பொதி வேண்டும். அதனைச் சிறு பெட்டியில் வைத்தல் இயலாது. இக்காலத்து மின்வழங்கி செய்யும் உபாயம் வேறு. வந்த மின்சாரத்தை முதலில் ஒருதிசையாக்கி, ஏறக்குறைய 400 வோல்ட்டுக்கு உயர்த்தி, அதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து ஒரு சிறிய டிரான்ஸ்பார்மரினூடே செலுத்துகின்றது. அலைவு மிகுந்தோறும் டிரான்ஸ்பார்மர் சிறுக்கும் என்பது பௌதிக நூலார் அறிந்தது. அங்கே தாழ்ந்த அழுத்தத்தை மீண்டும் ஒருதிசையாக்கி, மின்தேக்கிகளால் அலைநீக்கி, கேபிள் வழியே அனுப்புகின்றது. எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெயரிலுள்ள முதலெழுத்தாகிய ஸ்விட்ச், இவ்வாறு ஓயாது திறந்து மூடும் விசையையே குறிக்கும். இத்தனை மாற்றங்களின் இடையே ஒருபகுதி மின்சாரம் வெப்பமாய்க் கழியும். கழிவது எத்துணை, அது எங்கே போகின்றது என்னும் இரண்டு கேள்விகளும் பின்னர் வருவன.

முதற்கண் அளவைக் காண்போம். 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் முறையே இன்றும் பெரிய கணினிகளுக்கு அடிப்படை. அம்முறைப்படி அமைந்த மின்வழங்கி 150 மில்லிமீட்டர் அகலமும் 86 உயரமும் 140 அல்லது அதற்கு மேற்பட்ட ஆழமும் உடையது. எஸ்.எப்.எக்ஸ். என்னும் சிறு வகையோ 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். பெருக்கிப் பார்ப்பின் முன்னது ஏறக்குறைய 1.8 லிட்டர், பின்னது 0.8 லிட்டர். பாதிக்குங் குறைந்த உடலில் அதே 600 அல்லது 750 வாட்டை அடக்குகின்றனர் என்றால், அதன் உள்ளே உறுப்புக்கள் எவ்வளவு நெருங்கியிருக்கும் என்பதை உய்த்துணர்க. விலை மிகுதற்கும் அதுவே காரணம். ஒரே வாட்டுள்ள பெரிய மின்வழங்கியின் விலையைச் சொல்லிச் சிறியதை வாங்க முயலுதல் வீண்.

இவ்விரண்டிற்கும் இடையே எஸ்.எப்.எக்ஸ்.-எல் என்றொரு வகை உண்டு. அகலமும் உயரமும் எஸ்.எப்.எக்ஸ். போன்றனவே; ஆழம் மட்டும் 130 மில்லிமீட்டர். மிகுந்த அந்த 30 மில்லிமீட்டரால் 92 மில்லிமீட்டர் விசிறிக்கு மாறாக 120 மில்லிமீட்டர் விசிறி பொருத்த இடம் உண்டாகின்றது. பெரிய விசிறி மெல்லச் சுழன்றே அவ்வளவு காற்றைத் தள்ளும். ஆதலின் ஓசை குறையும். அங்ஙனமாயின் எல்லாரும் அதனையே வாங்கலாமே எனின், அவ்வாறன்று. ஜெர்மானியர் ஒருவர் வகுத்து, 2016ஆம் ஆண்டில் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாகப் பலரிடம் முன்பணம் பெற்று ஆக்கப்பட்ட டான் ஏ4-எஸ்.எப்.எக்ஸ். என்னும் பெட்டி வெறும் 7.2 லிட்டர் கொள்வது. அதன் பெயரே எந்த மின்வழங்கி வேண்டும் என்பதைக் கூறிவிடுகின்றது. 2020இல் வெளிவந்த கூலர் மாஸ்டர் என்.ஆர்.200 என்பது 18.25 லிட்டர், அதில் இரு வகையும் நுழையும். நுழையினும், மின்வழங்கியின் பின்புறத்திலிருந்து புறப்படும் கேபிள்கள் வளைந்து திரும்ப இடம் வேண்டுமன்றோ? அந்த 30 மில்லிமீட்டர் அவ்விடத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றது. பெட்டி ஆக்கியோர் தரும் குறிப்பேட்டில் 'இத்துணை ஆழம் வரை' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மின்வழங்கியின் உடலை மட்டும் கருதியது. கேபிளுக்கு நாமே இடம் விட்டுக்கொள்ள வேண்டும்.

பிளெக்ஸ் ஏ.டி.எக்ஸ். என இன்னுஞ் சிறிய வகையும் உண்டு. அரை லிட்டர் அளவினது. அதன் விசிறி 40 மில்லிமீட்டர்தான். மின்சாரம் மிகுதியாக இழுக்கும்போது அது எழுப்பும் கீச்சொலியைக் கேட்டவர் அதனை விடுதி அறையில் வைத்துக்கொள்ள உடன்படார், உடனுறைவாரும் உடன்படார்.

இனி வாட்டுக் கணக்கு. இதில் நம்மவர் இரு வகையாகப் பிழைபடுகின்றனர். ஒருசாரார் கையிற் கிடைத்ததைப் போதுமென்பர். மற்றொருசாரார் எதிர்காலத்துக்கு ஆகட்டும் என்று ஆயிரம் வாட்டு வாங்குவர். கணக்கிட்டுப் பார்த்தல் அரிதன்று. உதாரணமாக, என்.ஆர்.200 பெட்டியில் ஏ.எம்.டி. ரைசன் 5 7600 பிராசசரையும் என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டையும் அமைப்பதாகக் கொள்வோம். இவை இன்று புத்தம்புதியன அல்ல. ஆயினும் மாணவர் பலர் இவ்வளவிலேயே நிற்கின்றனராதலின் உதாரணத்துக்கு ஏற்றன. அப்பிராசசர் 65 வாட்டு என்று அட்டையில் எழுதப்பட்டிருப்பினும், முழு மூச்சில் வேலை செய்யும்போது இழுக்க அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு 88 வாட்டு. கார்டு 200 வாட்டு. மதர்போர்டு, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றிற்குமாக 50 வாட்டு ஒதுக்குவோம். ஆக மொத்தம் 338. எளிமைக்காக 340 என்க. விளையாடும்போது பிராசசர் தன் முழு அளவை எட்டுதல் அருமையாதலின் உண்மையில் இதனினும் குறையும்.

அங்ஙனமாயின் 350 வாட்டு மின்வழங்கி போதுமோ? போதாது. என்விடியா நிறுவனம் அக்கார்டுக்குப் பரிந்துரைப்பது 650 வாட்டு. ஏறத்தாழ இருமடங்கு கூறுவானேன்? நாம் வாங்கும் மின்வழங்கி எத்தகையது என்பது அந்நிறுவனத்தார்க்குத் தெரியாது. இழிந்ததையும் மனத்திற்கொண்டே அவர் சொல்கின்றனர். இது ஒரு காரணம். மற்றொன்று, கார்டின் மின்னிழுப்பு ஒரே சீராக நிகழ்வதன்று என்பது. 200 வாட்டு என்பது சராசரி. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலும், அதனினும் குறுகிய நேரத்திலும், அது திடீரென்று மிக உயர்ந்து உடனே தாழும். அணைக்கட்டில் மொத்த நீர் போதிய அளவு இருப்பினும், மதகு ஒரேயடியாகத் திறக்கப்படின் கால்வாய்க் கரை தாங்குமோ என்பதே இங்குக் கேள்வி.

இத்துன்பம் பலர்க்கும் வெளிப்படத் தெரிந்தது 2020 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 3080 போன்ற கார்டுகள் வந்த பின்னரே. 320 வாட்டு என்று குறிக்கப்பட்ட அக்கார்டின் திடீர்ப் பாய்ச்சல்களைக் கண்டு, அளவிற் போதிய மின்வழங்கிகளும், மிகுசுமை வந்துற்றதென மயங்கித் தம்மைத் தாமே அணைத்துக்கொண்டன. விளையாட்டு முற்றிய கட்டத்தில் திரை கறுத்துக் கணினி நின்றுவிடும். நீல எழுத்தும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. விடுதித் தோழர் ஒருவர் இவ்வாறு நேர்ந்தபோது கார்டையே குறைகூறினார். பின்னர் விண்டோஸை மும்முறை அழித்து நிறுவினார். இரவல் வாங்கிய வேறொரு மின்வழங்கியை மாட்டிய அன்றே நோய் தீர்ந்தது. இக்குறையைக் கருதியே 2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதி, புதிய வகைக் கார்டுகளுக்கென அமைந்த மின்வழங்கி, தன் குறித்த அளவின் இருமடங்கை நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரம் நின்று தாங்கவேண்டும் என்று வரையறுத்தது. இப்பொழுது வாங்குவார் அட்டையில் ஏ.டி.எக்ஸ். 3.0 அல்லது 3.1 என்னும் குறியீடு உள்ளதா என நோக்குதல் தகும்.

இவ்வாற்றால் நம் உதாரணக் கணினிக்கு 550 வாட்டு நல்ல மின்வழங்கி ஒன்று இடர்ப்படாது இயங்கும். 650 கிடைப்பின் மனம் அமைதியுறும். ஆயிரத்துக்குப் போதல் பொருளை வீணாக்குதலே. 575 வாட்டு இழுப்பதாக 2025 ஜனவரியில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டைச் சிறு பெட்டியில் அடைக்கத் துணிவார்க்கு அக்கணக்கு வேறு. அவர்க்கு இக்கட்டுரை தேவையுமில்லை.

வாட்டு என்னும் எண்ணை நம்பி வாங்குதற்கு முன்னர், மின்வழங்கியின் பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையைப் படித்தல் வேண்டும். கடைக்காரர் வாய்ச்சொல்லினும் அவ்வட்டவணை பெரிது. இக்காலத்துக் கணினியில் பிராசசரும் கார்டும் 12 வோல்ட்டு வழியிலேயே உண்கின்றன; 5, 3.3 வழிகளுக்கு வேலை சிறிதே. ஆதலின் 12 வோல்ட்டுக்கு நேரே எத்துணை ஆம்பியர் என்று காண்க. 54 ஆம்பியர் என்றிருப்பின், பெருக்க 648 வாட்டு. அது உண்மையான 650 வாட்டு மின்வழங்கி. பெட்டியின் மேல் 500 என்று பெரிதாக அச்சிட்டு, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்று சிறிதாக எழுதியிருப்பின், நமக்குப் பயன்படுவது 216 வாட்டே. மலிவான பெட்டியோடு இலவசமாய்த் தரப்படுவன பல இவ்வினத்தைச் சார்ந்தவை. 340 வாட்டு வேண்டும் கணினியை 216 வாட்டின் தலையில் ஏற்றுவது, ஒற்றை மாட்டைக் கொண்டு இரட்டை மாட்டு வண்டியை இழுப்பிப்பது போலாம்.

அடுத்து நிற்பது 80 பிளஸ் என்னும் முத்திரை. 2004ஆம் ஆண்டில் தோன்றிய இத்திட்டம், சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்துணைப் பங்கு கணினிக்குச் சேர்கின்றது என்பதை அளந்து வெண்கலம், வெள்ளி, பொன், பிளாட்டினம், டைட்டேனியம் என்று தரப்படுத்துகின்றது. பொன் முத்திரை பெற்றது, அமெரிக்க 115 வோல்ட்டுச் சோதனையில், பாதிச் சுமையில் 90 விழுக்காடும், ஐந்திலொரு பங்குச் சுமையிலும் முழுச் சுமையிலும் 87 விழுக்காடும் பயன்தருதல் வேண்டும். நம் 230 வோல்ட்டில் இஃது இன்னுஞ் சற்று உயரும். நம் உதாரணத்தில் 340 வாட்டு என்பது 650இன் பாதியளவாதலின், பயன்திறன் உச்சத்தில் நிற்கும் இடத்திலேயே நாம் இருக்கின்றோம்.

இம்முத்திரை மின்கட்டணத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்வோர் மிகைபடக் கூறுகின்றனர் என்பதே என் கருத்து. கணக்கிடுவோம். 340 வாட்டு தருதற்கு, 90 விழுக்காடு பயன்திறனுள்ளது சுவரிலிருந்து 378 வாட்டு இழுக்கும். 80 விழுக்காடுள்ளது 425 இழுக்கும். வேறுபாடு 47 வாட்டு. நாள்தோறும் நான்கு மணி நேரம் விளையாடினும், நாள்தோறும் நான்கு மணி விளையாடும் மாணவர் தேர்வில் எந்நிலை எய்துவர் என்னும் ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, மாதத்துக்கு மிச்சமாவது ஆறு யூனிட்டுக்கும் குறைவு. இதற்காக எவரும் மிகுபொருள் செலவிட வேண்டுவதில்லை. சிறு பெட்டியில் முத்திரைக்கு மதிப்புத் தருவது வேறொன்று. முன்னது வெப்பமாய்க் கழிப்பது 38 வாட்டு. பின்னது கழிப்பது 85 வாட்டு. சிறு பெட்டியினுள், ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் கார்டின் அருகே, பழைய மின்குமிழ் ஒன்றை ஏற்றி வைத்தாற்போல அந்த 47 வாட்டு எரிகின்றது என்க.

இம்முத்திரை கூறாதனவும் உள. அது பயன்திறனை மட்டும் அளப்பது. 12 வோல்ட்டில் கலந்துவரும் சிற்றலை எவ்வளவு, குறுக்கிணைப்பு நேர்ந்தால் உடனே அணையுமா, விசிறி எத்துணை இரையும் என்பனவற்றை அளப்பதில்லை. அன்றியும் அச்சோதனை 23 பாகை வெப்பமுள்ள குளிர்ந்த அறையில் நிகழ்வது. மே மாதத்து மதுரையையோ வேலூரையோ அறிந்த நாம் இதனை எண்ணிப் புன்னகை புரியலாம். அறையே 38 பாகையாயின் சிறு பெட்டியின் உள்ளே 50 பாகையாதல் அரிதன்று. எத்துணை வெப்பத்தில் முழு வாட்டையும் தரும் என்று ஆக்கியோர் உறுதி கூறுகின்றனர் என்பதைக் குறிப்பேட்டிற் காணலாம். நல்லவை 50 பாகை என்னும். இடைப்பட்டவை 40 என்னும். ஒன்றுங் கூறாதவற்றை விலக்குதல் நன்று. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் 105 பாகைக்குரியனவா, 85 பாகைக்குரியனவா என்பதும் வினவத்தக்கது. மின்தேக்கியின் வெப்பம் பத்துப் பாகை ஏறுந்தோறும் அதன் வாழ்நாள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. சைபிநெட்டிக்ஸ் என்னும் நிறுவனம் பயன்திறனோடு ஓசையையும் அளந்து தரப்படுத்தி வெளியிடுகின்றது. சிறு கணினி அமைப்பார்க்கு அஃது 80 பிளஸ் முத்திரையினும் பயன் தருவது.

வெப்பத்தோடு ஈரமும் கூடின் நேர்வது யாதென்பதற்கு உதாரணம் ஒன்றுண்டு. சிறு மின்வழங்கிகளுள் நற்பெயர் பெற்றது கோர்சேர் நிறுவனத்தின் எஸ்.எப். வரிசை. அவற்றுள் ஒரு காலத்தில் ஆக்கப்பட்ட சில, மிகு வெப்பமும் மிகு ஈரமும் ஒருங்கே உள்ள இடத்திற் பழுதாகக்கூடும் என்று கண்டு, 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தானே முன்வந்து அவற்றை மாற்றிக் கொடுத்தது. நற்பெயருள்ள நிறுவனத்திலும் குறை நேரும். நேர்ந்தபின் செய்வதைக் கொண்டே பெயரை மதிப்பிடுதல் முறை. நமக்கு இதிற் பெறப்படுவது, நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் இருப்பவர்க்குச் சிறு பெட்டியின் காற்றோட்டம் வெறும் அலங்காரமன்று என்பது. மின்வழங்கியின் விசிறி பெட்டியின் துளையிட்ட தகட்டை நோக்கி நின்று வெளிக்காற்றை நேரே இழுக்குமாறு பொருத்துதல் வேண்டும். உள்நோக்கி நிற்பின், கார்டு கக்கிய வெங்காற்றையே அது மூச்சாக உட்கொள்ளும்.

இனிக் கேபிள்களைப் பற்றிக் கூறவேண்டும். சிறு பெட்டியில் தீங்கு பெரும்பாலும் இவ்விடத்தேதான் தொடங்குகின்றது. கார்டுக்குச் செல்லும் பழைய எட்டுமுனைக் கனெக்டர் 150 வாட்டுக்கு உரியது. அதில் 12 வோல்ட்டு முனைகள் மூன்று. முனையொன்றுக்குச் செல்வது 4.2 ஆம்பியர். 12வி.எச்.பி.டபிள்யு.ஆர். என்னும் புதிய கனெக்டர் 600 வாட்டுக்கு உரியது. அதில் 12 வோல்ட்டு முனைகள் ஆறு, முனையொன்றுக்கு 8.3 ஆம்பியர். முனையோ முன்னதினும் சிறியது. முனைகள் அனைத்தும் முற்றப் பொருந்தியிருக்கும்வரை இதனால் இடரில்லை. ஒன்றிரண்டு சரிவரத் தொடாதபோது, அவற்றின் பங்கும் ஏனையவற்றின்மேல் ஏறும். அவை சூடேறி உருகும். 450 வாட்டு ஆர்.டி.எக்ஸ். 4090 வெளிவந்த 2022 அக்டோபரிலேயே இவ்வாறு உருகியவற்றின் படங்கள் வெளிவரலாயின. முற்றச் செருகப்படாமையே பெரும்பாலனவற்றிற்குக் காரணமெனக் கூறப்பட்டது. 2023இல் இக்கனெக்டரைத் திருத்தி, மின்முனைகளைச் சற்று நீட்டி, உணர்முனைகளைச் சற்றுக் குறுக்கி, 12வி-2x6 என்று பெயரிட்டனர். முற்றச் செருகாதபோது உணர்முனை தொடாது. தொடாவிடின் கார்டு மின்சாரத்தை இழுக்காது. இதுவே திருத்தத்தின் கருத்து.

பெரிய பெட்டியில் கேபிள் நேரே வந்து வேண்டுமளவு தூரத்தில் வளையலாம். சிறு பெட்டியிலோ கார்டுக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையே இரண்டு விரல் இடமே எஞ்சும். கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டர் தொலைவு வரை கேபிளை வளைக்கலாகாது என்று அறிவுரை கூறுவர். பக்கத்தகட்டை அழுத்தி மூடும்போது அத்தகடே கேபிளைத் தள்ளி முனையைச் சாய்த்துவிடும்; மூடியபின் நம் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆதலின் பெட்டியும் கார்டும் தெரியும்போதே இவ்விடைவெளியை அளந்து கொள்க. நம் உதாரணமாகிய 4070 கார்டு, ஒரே ஓர் எட்டுமுனைக் கனெக்டருடன் பல நிறுவனத்தாரிடம் கிடைத்தது; சிறு பெட்டிக்கு அத்தகையதே ஏற்றது என்பேன்.

மின்சாரம் தாழ்ந்த 12 வோல்ட்டுத்தானே, அதில் அஞ்சுதற்கு என்னுளது என்பார் சிலர். அவர்க்கு என்.இசட்.எக்ஸ்.டி. எச்1 என்னும் சிறு பெட்டியின் கதையைச் சொல்லலாம். அழகிய அப்பெட்டியில் மின்வழங்கி உள்ளமைந்தே வந்தது. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் இடைப்பலகையைச் சட்டத்தோடு பிணைத்த இரண்டு திருகுகள், அப்பலகையின் 12 வோல்ட்டுப் படலத்தைத் தொட்டுக் குறுக்கிணைப்பு உண்டாக்கித் தீப்பற்றக் கூடியனவாயிருந்தன. 2020 நவம்பரில் விற்பனை நின்றது. முதலில் நைலான் திருகுகள் அனுப்பப்பட்டன. அது போதாதெனத் தெளிந்து, 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வாயிலாக ஏறத்தாழ 32,000 பெட்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 12 வோல்ட்டு நம் உடலைத் தாக்காது. ஆனால் 50 ஆம்பியர் பின்னின்று தள்ளும் 12 வோல்ட்டு, பலகையை எரிக்க வல்லது.

கழற்றி மாட்டும் கேபிள்களையுடைய மின்வழங்கி சிறு பெட்டிக்கு இன்றியமையாதது. வேண்டாத கேபிளைச் சுருட்டி ஒளிக்க அங்கே இடமில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கார்டின் பக்கத்தில் கனெக்டரின் முனைகள் எங்கும் ஒரே ஒழுங்கில் அமைந்தவை. மின்வழங்கியின் பக்கத்திலோ நிறுவனத்துக்கு நிறுவனம், சிலபோது ஒரே நிறுவனத்தின் வரிசைக்கு வரிசை, வேறுபடும். ஒன்றன் கேபிள் மற்றொன்றில் இனிதே நுழையும். நுழைந்து 5 வோல்ட்டு வேண்டுமிடத்தில் 12ஐச் செலுத்தும். நான்காண்டு எழுதிச் சேர்த்த குறிப்புக்களைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கு ஒரு நொடியில் மாண்டுபோகும். பழைய மின்வழங்கியைக் கழற்றும்போது அதன் கேபிள்களையும் உடன் கழற்றி, அதனோடே கட்டி வைத்தல் வேண்டும். குறுங்கேபிள் தனியே வாங்குவோர் தம் மின்வழங்கியின் பெயர் குறித்தே வாங்குக.

இறுதியாக, நம் நாட்டுக்கே உரிய இரண்டு செய்திகள். கணினிப் பெட்டியைத் தொட்டவுடன் விரலில் சுருக்கென்னும் ஓர் உணர்ச்சி உண்டாவதைப் பலர் அறிவர். மின்வழங்கியின் வாயிலில், இரைச்சலை வடிகட்டும் இரண்டு சிறு மின்தேக்கிகள், இரு கம்பிகளிலிருந்தும் இரும்புச் சட்டத்துக்கு இணைக்கப்பட்டுள்ளன. நில இணைப்பு உள்ளபோது அவற்றின் சிறு ஒழுக்கு மண்ணிற் சென்று மறையும். அஃது இல்லாதபோது சட்டம் 230இன் பாதியாகிய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதாதலின் உயிர்க்கு ஊறில்லை. எனினும் உள்ளே வேறு பழுது நேரின் நம்மைக் காக்க ஒன்றுமில்லை என்பதற்கு அஃது அறிகுறி. மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனையை இருமுனை அடாப்டரால் மறைத்துச் செருகும் விடுதி வழக்கத்தால் விளைவது இது. எத்துணை விலையுயர்ந்த மின்வழங்கியும் இதனைத் திருத்தாது. எலக்டிரீசியனே திருத்த வல்லர்.

மற்றொன்று இன்வெர்ட்டர். மின்சாரம் நின்றவுடன் மின்வழங்கி தன் மின்தேக்கியிலுள்ள இருப்பைக் கொண்டு ஏறக்குறைய 12 முதல் 17 மில்லிசெக்கண்டு வரை கணினியை நடத்தும். அதற்குள் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளின் கணினி அறியாது. விழியாவிடின் அணைந்து மீண்டும் எழும். சில இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். நிலைக்கு மாற்றும் விசை உண்டு. அதனை மாற்றி வைத்தால் விழிப்பு விரையும். மேலும், சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரோடு இக்காலத்து மின்வழங்கிகள் பல ஒத்துப்போகா. முனகும், சூடேறும், சிலபோது இயங்க மறுக்கும். சைன் அலை தருவதே வேண்டும். நம் உதாரணக் கணினியும் மானிட்டரும் சேர்ந்து சுவரிலிருந்து 400 வாட்டுக்கு மேல் இழுப்பனவாதலின், வீட்டிலுள்ள விசிறிகளுக்கும் விளக்குகளுக்குமெனக் கணக்கிட்டு வாங்கிய இன்வெர்ட்டரில் இதனை மாட்டுமுன், அதன்மேல் ஏற்கெனவே ஏறியுள்ள சுமை எவ்வளவு என்று வீட்டாரைக் கேட்டறிந்து கொள்க.